பத்தாவது முடிந்ததும் அமெரிக்கப் பள்ளிக்கா?

ஊட்டி மலர்க் கண்காட்சி முடிந்து சுற்றுலாக் கூட்டம் மலையிறங்கிய பிறகுதான் எங்களைப் போன்ற கல்வி ஆலோசகர்களைத் தேடிப் பெற்றோர் வருவார்கள். குன்னூர், கோத்தகிரி, கேத்தி என்று எங்கிருந்து வந்தாலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "என் தங்கச்சி நியூஜெர்சியில இருக்கா சார், பையன் அவ வீட்டுல தங்கி அங்கேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ படிச்சுட்டா நல்ல காலேஜ்ல ஈசியா சீட் கிடைச்சிடும்ல?"

முதலில் விசா. அத்தை வீட்டில் தங்கி அங்குள்ள அரசுப் பள்ளியில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பதென்றால் மொத்தமே 12 மாதம்தான், அதுவும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் மட்டும், ஒரு மாணவருக்கு ஆகும் முழுச் செலவையும் நாமே அந்தப் பள்ளிக்குக் கட்டியாக வேண்டும். 1996-இல் வந்த சட்டம் இது. அத்தையைச் சட்டப்படி கார்டியன் ஆக்கினாலும் மாறாது. சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அது விசா விதிமீறல், பிற்பாடு கல்லூரி விசா கேட்கும்போது அதுவே வந்து நிற்கும். தனியார் பள்ளிக்கு இந்த 12 மாதக் கணக்கு கிடையாது, ஆனால் அந்தப் பள்ளி ஐ-20 (மாணவர் விசாவுக்குத் தேவையான சேர்க்கைப் படிவம்) கொடுக்க அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும், பீஸும் நம் பச்சைத் தேயிலை விலையில் கட்டி மாளாது. (பிள்ளைக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால், அல்லது பெற்றோர் வேலை விசாவில் போய்ப் பிள்ளை அவர்களைச் சார்ந்து எச்-4 விசாவில் போனால், கதை வேறு.)

சரி, ஒரு வருடம் படித்துவிட்டுத் திரும்பி வந்தால்? சி.பி.எஸ்.இ.யில் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து இரண்டு வருடத் தொடர் படிப்பு. நடுவில் நேராகப் பன்னிரண்டில் நுழைவது பெரும்பாடு.

பெற்றோர் எதிர்பார்க்காத விஷயம் இன்னொன்று. அங்கே பள்ளிப் படிப்பை முடித்தாலும் எஃப்-1 பிள்ளை கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர்தான். நியூஜெர்சியில் படித்ததால் அந்த மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான குறைந்த கட்டணத்தை வாங்காது. பண வசதியைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் கொடுக்கும் ஹார்வர்டு, எம்.ஐ.டி. மாதிரி கல்லூரிகள் மிகச் சில, அங்கேயும் பிள்ளை எந்த ஊரில் பள்ளி படித்தது என்பது இந்த விஷயத்தில் ஒன்றையும் மாற்றாது. பிரிட்டனிலும் அப்படியே, படிப்புக்காக மட்டும் போய் மூன்று வருடம் தங்கினால் உள்நாட்டுக் கட்டணத் தகுதி வராது.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பரிந்துரைக் கடிதம். அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாவதிலிருந்து நான்கு வருட மதிப்பெண்களையும் பார்க்கின்றன, ஆசிரியர் கடிதமும் பல கல்லூரிகளில் கேட்கிறார்கள், அதைப் பதினொன்றில் பாடம் எடுத்தவர் எழுதுவதுதான் நல்லது. பன்னிரண்டாவதில் பள்ளி மாறும் பிள்ளை செப்டம்பரில் போய்ச் சேரும், முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 பல இடங்களில் கடைசி நாள். இரண்டு மாதத்தில் அந்த ஆசிரியர் பிள்ளையைப் பற்றி என்ன எழுதுவார்? தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய மறுமாதமே கொழுந்து கேட்கிற மாதிரிதான்.

போகவே கூடாது என்பதில்லை. ஒன்பதாவதிலேயே தனியார் பள்ளியில் சேர்ந்து நான்கு வருடமும் கட்ட முடிந்தவர்கள் போகலாம். ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) பிளஸ் ஒன், பிளஸ் டூ போல இரண்டு வருடப் படிப்பு என்பதால் அதன் தொடக்கத்தில் மாறலாம், நடுவில் மாறினால் பாடங்களும் நிலைகளும் ஒத்துப்போவதில்லை. பல நாடுகளில் இருக்கும் யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் பள்ளிகளை நான் தாராளமாகச் சொல்வேன், 16 முதல் 19 வயதுக்காரர்களுக்கு ஐ.பி., தேவைக்கேற்ற உதவித்தொகை, அங்கே முடித்தவர்களுக்குப் பல அமெரிக்கக் கல்லூரிகளில் டேவிஸ் உதவித்தொகையும் உண்டு. புனேயிலேயே ஒன்று இருக்கிறது. ஐ.பி.தான் வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கவே வேண்டாம், ஊட்டியிலேயே உண்டு, கொடைக்கானலிலும் 1976 முதல் இருக்கிறது. நம் பிளஸ் டூ மார்க்கை வைத்தே வெளிநாடு போகிறவர்களும் ஏராளம்.

எல்லாம் யோசித்துப் போவது என்று முடிவானால், டி.சி. வாங்கும் அன்றே ஒன்பது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுகளைப் பள்ளி முத்திரையோடு, மூடிய உறையில் இரண்டு மூன்று செட் கேட்டு வாங்கிவிடுங்கள், கணக்கு, அறிவியல் பாடத்திட்ட நகலையும் சேர்த்து. நவம்பரில் நியூஜெர்சியிலிருந்து போன் போட்டால் ஆபீஸ் கிளார்க் லீவில் இருப்பார்.