எதிர் அயனியா, ஈடு அயனியா?

திருவல்லிக்கேணியில் எங்கள் மாடி வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஒரு வழிகாட்டி நூலைக் கொண்டுவந்து ஒரு வரியில் விரலை வைத்தாள்: ‘டி.என்.ஏ.வைச் சூழும் எதிர் அயனிகள் அதை நிலைப்படுத்துகின்றன.’

“தாத்தா, டி.என்.ஏ.வே எதிர்மின்சுமை உடையது. எதிர் அயனிக்கும் அதே சுமை. ஒன்றையொன்று தள்ளாதா?”

அயனி என்றால் மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டம். ஒரே சுமை என்றால் தள்ளத்தான் தள்ளும். புத்தகத்தில்தான் கோளாறு. இதே வரியை நான் பார்ப்பது இது நான்காவது தடவை.

ஆங்கில மூலச் சொல் கவுன்டர் அயான் (counterion). முற்பாதி லத்தீன். பிற்பாதி 1834இல் விஞ்ஞானி ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த கிரேக்கச் சொல். ‘செல்வது’ என்று பொருள். உத்தராயணத்தில் உள்ள அயனமும் அதே வேரில் வந்ததுதான். வேர்க்கதை இவ்வளவு போதும்.

கவுன்டர் அயான் என்ற சொல் ஓர் அயனியின் சுமை இன்னதென்று சொல்வதில்லை. யாருடைய சுமையைச் சமன்செய்து துணையாக நிற்கிறது என்பதையே சொல்கிறது. சாப்பாட்டு உப்பில் சோடியத்துக்குக் குளோரைடு, குளோரைடுக்குச் சோடியம். டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் உள்ள ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் ஓர் எதிர்மின்சுமை உண்டு. ஆகவே அதற்குத் துணை நிற்பவை எல்லாம் நேர் அயனிகள்: மெக்னீசியத்துக்கு இரண்டு சுமை, உயிரணுக்களில் உள்ள சிறு மூலக்கூறுகளான ஸ்பெர்மிடினுக்கு மூன்று, ஸ்பெர்மினுக்கு நான்கு. பத்துக் கார இணைகள் கொண்ட டி.என்.ஏ. துண்டில், நுனிகளை விட்டுவிட்டால், இருபது பாஸ்பேட்டுகள். ஏட்டுக் கணக்கில் ஐந்து ஸ்பெர்மின் போதும். சுமையில் ஏறத்தாழ 90 விழுக்காடு தணிந்ததும் நீண்ட டி.என்.ஏ. இழை சுருண்டு, நடுவில் ஓட்டையோடு உளுந்து வடை வடிவத்துக்கு வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நேர் அயனிக்கு ‘எதிர் அயனி’ என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பள்ளிப் பாடத்தில் நேர் அயனி, எதிர் அயனி என்று இரண்டு பெயர்களையும் ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. ‘எதிர் என்றால் எதிரே நிற்பது, எதிர்வீடு போல’ என்று ஒரு நண்பர் வாதாடினார். நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார். ‘முரண் அயனி’ என்றார் இன்னொருவர். சுமையைத் தணித்துக் கட்டமைப்பைக் காப்பதற்கு முரண் என்றா பெயர்? ‘இணை அயனி’ கொஞ்சம் தேவலை, ஆனால் இணை அமிலம், இணை காரம் என்று வேதியியலில் அந்த அடைமொழிக்கு வேறு வேலை இருக்கிறது.

என் கட்சி ‘ஈடு அயனி’. ஈடு கொடுப்பது, ஈடுகட்டுவது: சுமைக்குச் சுமை. ‘அயனியை அடகு வைக்கவா?’ என்று நண்பர் கிண்டல் செய்தார். நகையீட்டுக் கடனில் இருப்பதும் அதே ஈடுதான், அதனால் என்ன?

அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளைப் பெயர்த்து வைத்துவிட்டு, அது அந்த வாக்கியத்தில் உண்மையா என்று திரும்பிப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர்கள்மேல்தான் எனக்குக் கோபம். தனித்தமிழ் வேண்டுமா என்பது அப்புறம். இந்த வரியில் ‘கவுன்டர் அயான்’ என்றே போட்டிருந்தால்கூடப் பொய்யாகியிருக்காது.

அந்தப் பெண் பென்சிலால் ‘எதிர்’ என்பதை அடித்து ‘ஈடு’ என்று எழுதிக்கொண்டாள். தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டாள். புத்தகத்தில் இருப்பதையே எழுது, பக்கத்தில் ‘நேர்மின்சுமை உடையது’ என்று சேர்த்துவிடு என்றேன்.