ஹை நூன்: உச்சிப்பொழுது

'ஹை நூன்' என்னும் ஆங்கிலத் தொடருக்கு அகராதிகள் இரண்டு பொருள் தருகின்றன. ஒன்று, சரியாகப் பகல் 12 மணி. மற்றொன்று, இனியும் தள்ளிப்போட வழியில்லாமல் ஒரு காரியத்தில் முடிவு கண்டே ஆகவேண்டிய வேளை. முதற்பொருள் பல நூற்றாண்டுப் பழமை உடையது. இரண்டாம் பொருள் இன்றைய அளவுக்குப் பரவியதற்குப் பெருங்காரணம், 1952இல் அந்தத் தொடரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்த ஒரு கருப்பு வெள்ளைப் படம். தமிழில் எழுதுவோர் இந்த இரண்டாம் பொருளை 'நேருக்கு நேர் மோதல்' என்றோ 'உச்சக்கட்ட மோதல்' என்றோ பெயர்த்துவிடுகிறார்கள். அப்படிப் பெயர்க்கும்போது துப்பாக்கிச் சண்டை மட்டும் மிஞ்சிச் சொல்லின் உயிர் போய்விடுகிறது என்பதே என் வருத்தம். ஏறத்தாழ 85 நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் சண்டை நடப்பது கடைசிச் சில நிமிடங்களில்தான்.

'நூன்' என்ற சொல் முதலில் நடுப்பகலைக் குறித்ததே இல்லை. இலத்தீனில் 'நோனா ஹோரா' என்றால் ஒன்பதாம் மணி. சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணிய அக்காலத்தில் அது இன்றைய கணக்குக்குப் பிற்பகல் 3 மணியை ஒட்டி வரும். கிறித்தவ மடங்களில் அவ்வேளைக்கென்று ஒரு வழிபாடு இருந்தது. நோன்பு நாள்களில் அது முடிந்த பிறகே உணவு. காலப்போக்கில் வழிபாடும் உணவும் முன்னே நகர, சொல்லும் உடன் நகர்ந்து இடைக்காலத்திலேயே 12 மணியில் வந்து நின்றுவிட்டது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

அதற்கு முன்னால் நிற்கும் 'ஹை' என்னும் அடை, உயரத்தைவிட நிறைவையே சுட்டுகிறது. கடல் முழுதும் ஏறிய நிலையைச் சொல்லவும், கோடை முற்றியதைச் சொல்லவும் ஆங்கிலத்தார் அதே அடையைத்தான் சேர்க்கிறார்கள். தமிழில் அதற்கு நேராக நிற்பது 'உச்சி'. உச்சி என்பது தலையின் நடு மேற்பகுதி. உச்சி முகர்தல், உச்சி குளிர்தல் என்று நாம் நாள்தோறும் சொல்வது அதைத்தான். ஆகவே உச்சிவெயில் என்றால் வானத்தின் முகட்டில் நிற்கும் வெயில் என்பதோடு, நிற்பவரின் தலைமேல் நேராக இறங்கும் வெயில் என்றும் ஆகிறது. வெப்ப மண்டலத்துக்கு வெளியே சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர்மேலே வருவதில்லை. தமிழ்நாட்டிலோ ஆண்டுக்கு இரண்டு முறை அது நிகழ்ந்து, நட்ட கம்பின் நிழல் கம்பின் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. சொல்லின் நேர்ப்பொருள் கண்ணெதிரே மெய்யாகும் மண்ணில் இருந்துகொண்டு, அச்சொல்லை விட்டு 'மோதலை'த் தேடிப் போகவேண்டியதில்லை.

இரண்டாம் பொருளை விளங்கிக்கொள்ளப் படத்துக்குள் போகவேண்டும். பிரெட் ஸின்னமன் இயக்கிய அப்படத்தில் ஹேட்லிவில் என்னும் சிற்றூரின் மார்ஷல், அதாவது காவல் அதிகாரி, வில் கேன், பதவியைத் துறந்து அன்று காலைதான் மணமுடித்திருக்கிறான். அவன் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய பிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் ரயிலில் வருகிறான் என்றும், அவனுடைய ஆட்கள் மூவர் நிலையத்தில் காத்திருக்கிறார்கள் என்றும் செய்தி வருகிறது. புது மார்ஷல் மறுநாள்தான் வருவார். மனைவியோடு வண்டியில் கிளம்பிய கேன் பாதி வழியில் திரும்பிவிடுகிறான். அதன்பின் பத்தரை மணியை ஒட்டிய காலையிலிருந்து நண்பகல் வரை, கதைக்குள் ஓடும் நேரமும் பார்ப்பவர் கடிகாரத்தில் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே செல்கின்றன. அந்த நேரம் முழுவதும் அவன் செய்வது ஒன்றே: வீடு வீடாகப் போய் உதவி கேட்கிறான்.

மில்லருக்குத் தண்டனை விதித்த நீதிபதி, சுவரிலிருந்த கொடியையும் தராசையும் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு குதிரை ஏறுகிறார். தேவாலயத்தில் கூடியிருந்தவர்களிடம் பேசும் நகரத்தலைவர் கேனை மனமாரப் புகழ்கிறார். தெருவில் சண்டை நடந்தால் ஊருக்கு முதலீடு வராது, ஆகவே நீ போய்விடுவதே நல்லது என்று முடிக்கிறார். என் நெஞ்சில் ஆழப் பதிந்தது அவற்றினும் சிறிய ஒரு காட்சி. கேன் வருவதைச் சன்னல் வழியே பார்த்த நண்பர் ஒருவர், தான் வீட்டில் இல்லை என்று சொல்லும்படி மனைவியிடம் கூறிவிட்டு உள்ளே ஒளிந்துகொள்கிறார். பொய் சொல்லிப் பழகாத அந்தப் பெண் வாசலில் நின்று, அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்கிறாள். உன்னை விட்டுத் தனியாகவா என்று கேன் கேட்டதும், அவளுடைய முகம் சுருங்குகிறது; அவனுக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்கும் விளங்கிவிடுகிறது. கேன் போன பிறகு அந்த மனிதர் மனைவியிடம், நான் சாகவேண்டும் என்கிறாயா, நீ விதவையாக வேண்டுமா என்று சீறுகிறார். கெட்டவர் என்று அவரைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. நம் தெருவிலும் நம் அலுவலகத்திலும் நல்லவர் என்று பெயரெடுத்த பலரைப் போன்றவர்தான் அவர்.

பன்னிரண்டு அடிக்கும் முன் கேன் மேசையில் அமர்ந்து தன் உயிலை எழுதுகிறான். டிமித்ரி தியோம்கின் இசை ஊசலின் தாளத்தில் ஓங்க, படம் ஊரின் முகங்கள் ஒவ்வொன்றாகக் காட்டி, மில்லர் ஒருகாலத்தில் அமர்ந்திருந்த வெற்று நாற்காலியில் சென்று நிற்கும்போது ரயில் ஊதுகிறது. பின்னர் கேன் தெருவில் நிற்க, ஒளிப்படக்கருவி மேலே மேலே எழுந்து, ஆளரவமற்ற ஊரின் நடுவே அவனை ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. அந்த வெளிறிய வானமும் நிழலற்ற புழுதித் தெருவுமே 'ஹை நூன்' என்ற தொடரின் இரண்டாம் பொருள். நேரம் முடிந்துவிட்டது, ஓடிப்போகும் வழி திறந்தே இருக்கிறது, துணைக்கு வருவார் என்று நம்பியவர் எவரும் வரவில்லை. மூன்றும் சேர்ந்தால்தான் அது உச்சிப்பொழுது; மோதல் அதற்குப் பின்னால் வருவது.

திரைக்கதை எழுதிய கார்ல் போர்மன் இதைக் கற்பனையில் மட்டும் தேடவில்லை. அவர் முன்னர் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1951இல் பொதுவுடைமையாளரைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரை விசாரணைக்கு அழைத்துக் கட்சியிலிருந்த பிறர் பெயர்களைக் கேட்டது. அவர் யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். அதனால், வேலை தரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களைக் கொண்ட ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் விழுந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டார். நண்பர்கள் விலகிச்சென்ற தம் அனுபவமே திரைக்கதைக்குள் வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்த ஊரார் பேசும் சாக்குகள் அவ்வளவு இயல்பாக ஒலிக்கின்றன.

படத்தை வெறுத்தவர்களும் இருந்தார்கள். தான் பார்த்ததிலேயே அமெரிக்கத் தன்மைக்கு மிகவும் மாறான படம் என்று நடிகர் ஜான் வெய்ன் 1971இல் கூறினார். நல்ல காவல் அதிகாரி ஊராரிடம் போய் உதவிக்குக் கெஞ்சமாட்டான் என்பது இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் எண்ணம். மறுமொழியாக அவர் 1959இல் வேறொரு படமே எடுத்தார். எனக்கு இது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. கை நடுங்காதவன் எவரையும் கேட்காமல் சுட்டுவிட்டுப் போவது வீரம். கேனோ அஞ்சுகிறான், அவனாக நடித்த கேரி கூப்பரின் முகத்தில் வியர்வையும் களைப்பும் தெரிகின்றன, குதிரை லாயத்தில் ஒரு கணம் தப்பிப் போகவும் ஆசைப்படுகிறான். அச்சம் இருந்தும், கேட்ட கை ஒவ்வொன்றும் மறுத்தும், அவன் போகாமல் இருக்கிறானே, அதைத்தான் நெஞ்சுரம் என்கிறோம். 'மாரல் கரேஜ்' என்பதற்கு 'தார்மிகத் துணிச்சல்' என்று எழுதுவதைவிட 'அறத்துணிவு' என்றோ 'நெஞ்சுரம்' என்றோ எழுதுவது தெளிவாகவும் நம் வாய்க்கு இசைவாகவும் இருக்கும்.

இந்தச் சொல் அமெரிக்க எல்லையைத் தாண்டியதற்குப் போலந்து ஒரு சான்று. 1989 ஜூன் 4ஆம் நாள் அங்கு நடந்த, ஓரளவே சுதந்திரமான தேர்தலுக்கு, பொதுவுடைமை அரசை எதிர்த்த தொழிற்சங்க இயக்கமான சாலிடாரிட்டி ஒரு சுவரொட்டி அச்சிட்டது. கூப்பர் தெருவில் நடந்து வரும் அதே படம். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு. நெஞ்சில் மார்ஷலின் நட்சத்திரத்துக்கு மேல் இயக்கத்தின் சின்னம். கீழே, படத்தின் போலிஷ் தலைப்பும் தேதியும். அத்தலைப்பிலுள்ள நண்பகலுக்கான போலிஷ் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் 'அரைநாள்'. மேலவையின் 100 இடங்களில் 99ஐ இயக்கம் வென்றது. படத்தில் வீட்டுக்குள் ஒளிந்துகொண்ட ஊராரைப் போல் அல்லாமல், சுவரொட்டியைப் பார்த்தவர்கள் அன்று வெளியே வந்தார்கள்.

நம் 'நண்பகலும்' அந்த 'அரைநாளைப்' போன்ற சொல்தான். 'நள்' என்றால் நடு; நள்ளிரவில் இருப்பதும் அதுவே. 'பகல்' என்னும் சொல் இன்னும் செழுமையானது. அதற்கு நடு என்றும் ஒரு பொருள் உண்டு. நுகத்தடியின் நடுவில் அறையும் ஆணிக்குப் பகலாணி என்று பெயர். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றி 'நெடுநுகத்துப் பகல்போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்' என்கிறது. இங்கே நடுவு நிற்றல் என்பது ஒதுங்கி நிற்பதல்ல. இரண்டு மாடுகளின் இழுப்பும் வந்து சேரும் இடத்தில் அந்த ஆணி இருக்கிறது, அது கழன்றால் ஏர் நின்றுவிடும். 'எங்களுக்கு ஏன் வம்பு, நாங்கள் நடுநிலை' என்று இன்று சொல்லும்போது அச்சொல்லை ஹேட்லிவில் ஊராரின் பொருளில் ஆளுகிறோம். பட்டினப்பாலையின் பொருளில் அன்று. தொல்காப்பியம் பாலையை நடுவுநிலைத் திணை என்று சொல்லி, அதற்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வகுத்திருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வழக்கில் எதை எழுதுவது? நேரத்தை மட்டும் குறிக்க வேண்டுமென்றால் நண்பகல் போதும். பேச்சில் மத்தியானம், மட்டமத்தியானம் என்பதிலும் குற்றமில்லை. இரண்டாம் பொருளுக்கு 'உச்சிப்பொழுது' என்றே எழுதலாம் என்பது என் முடிவு. ஊர்ப்புறங்களில் உச்சிவேளையில் பிள்ளைகளைக் கிணற்றடிக்கும் புளியமரத்தடிக்கும் தனியே போகவிடமாட்டார்கள். தெரு வெறிச்சோடிக் கிடக்கும், கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளிராது. அந்தத் தனிமை சொல்லுக்குள் முன்பே இருக்கிறது. 'விசாரணைக் குழுவின் முன் பெயர்களைச் சொல்ல மறுத்த நாள், கார்ல் போர்மனின் உச்சிப்பொழுது' என்று எழுதினால் எந்தத் தமிழருக்கும் உரை தேவைப்படாது.