பேரிடர்க் களத்திலும் நோயாளிக்குக் குறிப்பேடு வேண்டும்

2010 ஜனவரி 12 அன்று ஹைதியை 7.0 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கிய சில நாட்களில் பல நாடுகளின் மருத்துவக் குழுக்கள் வந்து இறங்கின. அவர்களால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் அரசிடம் பதிவு செய்யாமல் வந்தவர்களும், விபத்துக் காய சிகிச்சையில் பழக்கமில்லாதவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். எத்தனை பேர் அறுவையில் கை கால்களை இழந்தார்கள் என்பதற்கு இன்றும் சரியான கணக்கு இல்லை. இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை என்ற மதிப்பீடுதான் இருக்கிறது.

எலும்பு அறுவை மருத்துவன் என்ற முறையில் இது என்னை மிகவும் உறுத்துகிறது. காலை அகற்றுவதோடு எங்கள் வேலை முடிவதில்லை. இடிபாட்டில் நசுங்கி மண் புகுந்த காயத்தை உடனே தைத்து மூடக்கூடாது. திறந்தே வைத்து, சில நாட்களில் மறுபடி பார்த்து, அழுகிய சதையை நீக்கி, அதன்பிறகே மூட வேண்டும். எஞ்சும் பகுதி செயற்கைக் கால் பொருந்தும்படி அமைய வேண்டும். அறுவை செய்தவர் விமானம் ஏறிவிட்டால் அந்தக் காயத்தின் கட்டுத்துணியை யார் பிரிப்பார்? ஏன் அகற்றினார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள், நோயாளிக்குத் தெரிந்த கிரியோல் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்கினார்களா என்பதெல்லாம் எழுதப்படாவிட்டால், அடுத்து வரும் மருத்துவர் இருட்டில்தான் துழாவ வேண்டும். அவசரம் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. நான்கு வரி எழுத இரண்டு நிமிடம் போதும்.

ஹைதி அனுபவத்துக்குப் பிறகு, 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கான குறைந்தபட்சத் தரங்களை வெளியிட்டது. உள்நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய வரும் குழுவுக்கு 20 படுக்கைகளும், நாளொன்றுக்கு 7 பெரிய அறுவைகளோ 15 சிறிய அறுவைகளோ செய்யும் திறனும் வேண்டும். பாதிக்கப்பட்ட ஊரின் உணவையும் குடிநீரையும் பங்கு கேட்காமல், தமக்கு வேண்டியதைத் தாமே கொண்டுவர வேண்டும். சொந்த நாட்டில் எந்தத் துறையில் உரிமம் இருக்கிறதோ அந்தத் துறையில்தான் அங்கும் சிகிச்சை தரலாம். 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே வெளிநாட்டுக் குழுக்களை ஒருங்கிணைத்தது. அதுதான் முறை.

இளம் மருத்துவர்களே, அடுத்த பேரிடருக்குப் புறப்படும் முன் உங்கள் குழுத்தலைவரிடம் கேளுங்கள்: அந்நாட்டு அரசிடம் பதிவு செய்திருக்கிறோமா? நாம் திரும்பிய பிறகு நம் நோயாளிகளை எந்த மருத்துவமனை ஏற்கும்? தெளிவான பதில் வராவிட்டால் பெயர் கொடுக்காதீர்கள். அந்தப் பயணச் செலவை, அங்கே ஏற்கெனவே இயங்கிவரும் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.