லாரியைப் பார்க்கும் முன் கோட்டுகளைப் பாருங்கள்

அமெரிக்காவில் சின்ன ஊர்களின் தீயணைப்பு நிலையங்களுக்கு அரசு மானிய விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. ஒரு நிலையத்துக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது லாரியை அல்ல, சுவரோரம் தொங்கும் தீயணைப்பு வீரர்களின் கோட்டுகளைத்தான். உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். கரியும் வியர்வையும் ஏறி எழுத்து மங்கியிருக்கும். செல்போன் டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். தயாரித்து 10 வருடம் ஆன கோட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்கிறது இங்குள்ள தேசியத் தரநிலை. ஒரு நிலையத்தில் 14 கோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். 9 கோட்டுகளுக்கு அந்தக் கெடு தாண்டியிருந்தது.

அந்த நிலையத் தலைவர் என்னிடம் கேட்டதோ புது லாரி. அவர் மேல் தப்பில்லை. லாரி வந்தால் ஊரே பார்க்கும். ஆனால் முந்தின கோடையில் புதர்த்தீக்குப் போன அவருடைய ஆட்களில் இரண்டு பேர் தீக்காயம் இல்லாமலே சுருண்டு விழுந்திருக்கிறார்கள். வீட்டுத் தீக்கான கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் மேடேறியதுதான் காரணம். மூன்று அடுக்குத் துணி அது. எரிகிற வீட்டுக்குள் சில நிமிடம் நிற்பதற்கானது. காட்டுத்தீயோ பல மணி நேர வேலை: நடக்க வேண்டும், மண்ணை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். அதற்கு ஒற்றை அடுக்கில், தீ எளிதில் பற்றாத மெல்லிய சட்டையும் பேண்டும் தனியாக இருக்கின்றன. அந்த உடை அங்கே ஒரு ஜோடிகூட இல்லை.

சரி, லாரி அப்புறம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன். காட்டுத்தீ உடை, பக்கத்து ஊர் நிலையத்தோடு பேசக்கூடிய வாக்கி டாக்கி, பயிற்சி என்று கேட்டோம். 'எங்கள் உடைகள் பழையவை' என்று எழுதவில்லை. ஒவ்வொரு கோட்டின் தேதியையும், அந்த இரண்டு பேர் விழுந்த நாளின் பதிவையும் வைத்தோம். மானியம் கிடைத்தது.

இந்த நாட்டின் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தன்னார்வலர்கள். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார், பேஜர் அலறினால் ஓடி வருவார். கிராமப்புறத்தில் தீ பிடித்தால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது இவர்கள்தான். காட்டுக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கவலை என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்த தீயில் 85 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பர் 30 அன்று கொலராடோவில், போல்டருக்குப் பக்கத்துப் புறநகரில், காய்ந்த புல்லில் பரவிய தீ 1,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. காடே இல்லை, அதுவும் குளிர்காலம்.

பணம் வரும் வழிகள் இருக்கின்றன. கூட்டாட்சி அரசின் பேரிடர் மேலாண்மை நிறுவனமான ஃபீமா தரும் தீயணைப்பு வீரர் உதவி மானியத்தில், 20,000 பேருக்குள் வசிக்கும் ஊர் தன் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். 10,000 பேருக்குள் இருக்கும் ஊர்களுக்குக் கூட்டாட்சி அரசின் வனச்சேவைத் துறை தரும் தன்னார்வத் தீயணைப்பு உதவி மாநில வனத்துறை வழியாக வருகிறது. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் குடியிருப்புகளைக் காட்டுத்தீயிலிருந்து காக்க 5 ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் புதர் அகற்றுவது போன்ற வேலைகளுக்குக் கேட்க வேண்டுமானால், ஊரிடம் கடந்த 10 வருடத்துக்குள் எழுதிய காட்டுத்தீப் பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும்.

விண்ணப்பம் விழுந்துபோவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். கூட்டாட்சி மானியம் கேட்கும் அமைப்பு சாம் என்ற அரசு இணையதளத்தில் தன் பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு நிலையத்தில் கணக்கு பார்த்த அம்மா ஓய்வு பெற்றுவிட்டார், பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. பதிவு காலாவதியானது கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால்தான் தெரிந்தது. புதுப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். வருடம் முழுக்க உழைத்துச் சேர்த்த ஆதாரங்கள் அப்படியே கோப்பில் தூங்கின. அன்று அந்தத் தலைவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

இங்கே வசிக்கும் நம் மக்களிடம் நான் கேட்பது இதுதான். தீயை அணைக்கத்தான் வர வேண்டும் என்றில்லை. காட்டுத்தீ வேலைக்குப் போக 45 பவுண்டு சுமையோடு 3 மைலை 45 நிமிடத்தில் நடக்கும் சோதனை உண்டு, எல்லோராலும் முடியாது. ஆனால் எக்செல் தெரிந்த, தேதி மறக்காத ஒருவர் கிடைக்காமல் பல நிலையங்கள் திண்டாடுகின்றன. உங்கள் ஊர் நிலையத்தின் கதவைத் தட்டி, எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.

நான் முதலில் சொன்ன அந்த 14 கோட்டு நிலையத்தில், இப்போது பதிவு புதுப்பிக்கும் தேதியைப் பார்த்துக்கொள்பவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவார். டார்ச் அடித்து லேபிள் படிப்பதும் இப்போது அவர்தான்.