சம்பள நாளில் உடன் வருபவர் யார்?

குன்னூர்ப் பக்கம் மதுப்பழக்க மீட்பு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருவோர் குடிக்கக் காரணமாக முதலில் குளிரையும் உடல்வலியையும் சொல்வார்கள், வீட்டார் சொல்வதோ பெரும்பாலும் ஒன்றுதான்: “சேர்க்கை சரியில்லைங்க.”

அந்தச் சேர்க்கையை நான் இழிவாகப் பார்ப்பதில்லை. 180 மில்லி குவார்ட்டரின் விலையை இருவர் பகிர்ந்து, ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொள்வதைத்தான் ‘கட்டிங்’ என்கிறார்கள். பாதிப் பணத்துடன் நிற்பவர் பங்குக்கு ஆள் தேடும்போது மறுப்பவர், கவ்வாத்து எனப்படும், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் வேலையில் தமக்குக் கைகொடுத்த, தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லைனில் அடுத்த வீட்டுக்காரரைக் கைவிட்டவராகிவிடுகிறார். அப்படி மறுக்க முடியாமல் குடித்துவிடுபவரை மன உறுதியற்றவர் என்று ஏசுவது பெரும் அநியாயம்.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட ஆய்வில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்கு, முன்னேற்பாட்டின்படி அனைவரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். விவரம் அறியாத ஒருவர் மட்டும் அவர்களிடையே அமர்த்தப்பட்டார். இப்படிச் சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கண்ணெதிரே தெரிந்ததை விட்டுக் கூட்டத்தின் விடையோடு ஒத்துப்போயின. சரியான விடை சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்தபோது அத்தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. அத்துணை பாதியில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது மீண்டும் ஏறின.

ஆறு வாரம் குடிக்காமல் இருந்து, ஒரு சம்பளச் சனிக்கிழமையில் தவறிப்போன கவ்வாத்துத் தொழிலாளி ஒருவர் என்னிடம் திரும்பி வந்தார். இம்முறை, குடியை விட்டு மூன்றாண்டுகளான அவருடைய அண்டை வீட்டு ஓட்டுநரையும் அழைத்துப் பேசினேன். அடுத்த சம்பள நாளில் ஓட்டுநர் தொழிற்சாலை வாசலில் காத்திருந்தார். இருவரும் பேக்கரியில் வர்க்கி வாங்கிக்கொண்டு, மதுக்கடை இருக்கும் வளைவைப் பேசியபடியே கடந்தார்கள். தமக்கும் அந்த நடை தேவைப்பட்டதாக ஓட்டுநர் பிறகு சொன்னபோது எனக்கு வியப்பில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தம்மைக் குடியிலிருந்து காத்துக்கொள்ளவே பில் வில்சன் இன்னொரு குடிநோயாளியான மருத்துவர் பாப் ஸ்மித்தைத் தேடிச் சென்றார்; அந்தச் சந்திப்பிலிருந்துதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்தது.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம் என்பதால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு நான் குடும்பத்தாரிடம் கேட்பது, சம்பள நாளன்று இவர் யாருடன் வீடு திரும்புவார் என்பதே. அந்தப் பெயரை மருந்துச் சீட்டின் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன்.