புல்மோட்டை மணலில் ஒளிந்திருக்கும் மூலகம்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுப்பு. எல்லோரும் 'இல்மனைட் மணல்' என்று ஒரே பேரில் சொல்லிவிடுவோம். உண்மையில் அதற்குள் ரூட்டைல், சிர்க்கோன் என்ற வேறு கனிமங்களும் கலந்து கிடக்கின்றன. சிர்க்கோனில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு ஹஃப்னியம் என்ற மூலகம் ஒட்டிக்கொண்டிருக்கும். 1923இல் கோப்பன்ஹேகனில் அதைக் கண்டுபிடித்ததும் சிர்க்கோனுக்குள்தான். இன்று கதிர்ச்சிகிச்சையின் அடியைக் கூட்ட, இந்த உலோகத்தின் ஒட்சைட்டை நனோ துகளாக்கிப் புற்றுநோய்க் கட்டிக்குள் ஏற்றுகிறார்கள். அது நம் மணலிலிருந்து போனது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கதை சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கதிர்ச்சிகிச்சையில் எக்ஸ் கதிர் நேராகப் போய்க் கலத்தைக் கொல்வதில்லை. வழியில் அணுக்களிலிருந்து இலத்திரன்களைத் தட்டிவிடுகிறது; அழிவு வேலையைச் செய்வது அவைதான். சில டிஎன்ஏ இழையை நேரடியாக வெட்டும். சில பக்கத்திலுள்ள நீரை உடைக்கும். அதில் பிறக்கும் ஹைட்ரொட்சில் மூலிகம், அதாவது எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூற்றுத் துண்டு, இழையைத் தாக்கும். ஓர் இழை அறுந்தால் கலம் தைத்துக்கொள்ளும். இரண்டு இழையும் கிட்டக்கிட்ட அறுந்தால் தப்புவது கடினம். தொல்லை என்னவென்றால், கட்டிக்குப் போகும் வழியிலுள்ள நல்ல சதைக்கும் இதே அடி விழும்.

நம் உடம்பு பெரும்பாலும் ஐதரசன், கார்பன், ஒட்சிசன். இவை பெரிய கண் வலை மாதிரி, கதிரில் பெரும்பகுதி நழுவிவிடும். ஹஃப்னியத்தின் அணு எண் 72, தங்கத்தினது 79. இவை சின்னக் கண் வலை. சக்தி குறைந்த எக்ஸ் கதிரென்றால், அதே எடை சதையைவிடத் தங்கம் நூறு மடங்கு அளவுக்குக்கூடப் பிடிக்கும். பிடித்ததும் அணுவின் உள் ஓட்டிலிருந்து ஓர் இலத்திரன் பறக்கும். அந்த வெற்றிடத்துக்கு வெளி ஓட்டிலிருந்து ஒன்று விழும். மிஞ்சிய சக்தியில் இன்னும் சில வெளியே தெறிக்கும். ஓஜே இலத்திரன்கள் என்ற இவற்றில் பல, சில நனோமீற்றர் தூரத்திலேயே சக்தியைக் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே துகள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடி.

2004இல், புற்றுக்கட்டியுள்ள எலிகளில் ஒரு பரிசோதனை வெளியானது. எக்ஸ் கதிர் மட்டும் பெற்றவற்றில் ஓராண்டு தாண்டி உயிர் வாழ்ந்தவை 20 வீதம். 1.9 நனோமீற்றர் தங்கத் துகளும் சேர்த்துப் பெற்றவற்றில் 86 வீதம். பிரமாதம்தான், ஆனால் அங்கே பாய்ச்சியது 250 கிலோவோல்ற்றுக் கதிர். ஆஸ்பத்திரி இயந்திரங்கள் பல மில்லியன் வோல்ற்றில் ஓடுகின்றன. அந்தச் சக்தியில் கனமான அணுவுக்குள்ள சலுகை பெரும்பாலும் போய்விடும். கணக்குப்படி பயன் சொற்பமாக இருக்கவேண்டும். ஆய்வுகூடக் கலங்களிலோ கணக்கைவிடக் கூடுதலாகவே கிடைத்தது! துகளின் மேற்பரப்பு கலத்துக்குள் மூலிகங்களைப் பெருக்குவது, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளைச் சோர்வடையச் செய்வது, டிஎன்ஏ திருத்தத்தைத் தடுப்பது என்று வேதியியலும் உயிரியலும் உள்ளே நுழைகின்றன. 'உலோகம் கதிரைப் பிடிக்கிறது, அவ்வளவுதான்' என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை.

சரி, மனிதரில்? மென்திசுப் புற்றுநோயாளர் 180 பேரில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. சுமார் 50 நனோமீற்றர் ஹஃப்னியம் ஒட்சைட்டுத் துகளை ஒரே ஒரு தடவை ஊசியால் கட்டிக்குள் ஏற்றிவிட்டு, ஐந்து வாரம் வழக்கமான கதிர்ச்சிகிச்சை. அறுவைக்குப் பின் பார்த்தபோது, புற்றுக்கலம் ஏறக்குறைய முழுதாக அழிந்திருந்தவர்கள் 16 வீதம். கதிர் மட்டும் பெற்றவர்களில் 8 வீதம். இரண்டு மடங்கு என்றாலும், நூறு பேரில் கூடுதலாக எட்டுப் பேர்தான். ஊசி போன இடத்தில் துகள் சீராகப் பரவுவதும் இல்லை. சீற்றி ஸ்கானில் பார்த்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும், நடுநடுவே வெற்றிடம் விட்டு.