வேடம் கட்டுவதா, பங்கு வகிப்பதா?

ஜனவரியில், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் ஒரு தமிழ் வகுப்பு. ஒரு பையன் முந்தின இரவைப் பற்றி எழுதியிருந்தான்: "பங்கு வகிக்கும் நிகழ்வில் பங்கேற்றேன்." பக்கத்தில் 'சரி' என்ற குறி. ஒரு கதாபாத்திரமாகவே பேசி ஆடும் 'ரோல்பிளே' ஆட்டத்துக்கு மொழிபெயர்ப்பாக வரும் இந்தப் 'பங்கு வகித்த'லை இதற்குமுன் பலமுறை கேட்டும் பேசாமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

பிரெஞ்சு 'ரோல்' இலத்தீன் 'ரோத்துலுஸ்' வழி வந்தது. பொருள் சுருள். நடிகன் கையில் இருந்த வசனச் சுருளின் பெயர் அவன் ஏற்கும் ஆளுக்கு ஆகிவந்தது. 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் வெளியானபின் அந்தச் சொல் மேசை ஆட்டத்துக்கும், அங்கிருந்து இணைய விளையாட்டுக்கும் போயிற்று. ரோல்பிளேயைச் சுருக்கி, ஆர்.பி. என்ற எழுத்துகளைப் பிரெஞ்சில் உச்சரித்து, எங்கள் பிள்ளைகள் 'எர்பே' என்கிறார்கள்.

பங்கு என்பது கூறு. சொத்தில் பங்கு, லாபத்தில் பங்கு. "விடுதலையில் பெரும்பங்கு வகித்தார்" என்றால் அவர் அவராகவே இருந்து உழைத்தார். எர்பேயில் நடப்பதே வேறு. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் கிரின் தோர் என்ற பிரெஞ்சு சர்வரில் இந்தப் பையன் ஒரு கொல்லன். சத்திரத்தில் கூட்டம் நடந்தால் ஓடாமல் நடந்து நுழைகிறான், வாகன விலங்கைக் கூட்டத்தின் தலைமேல் நிறுத்துவதில்லை. தன் செயலைப் படர்க்கையில் எழுதுகிறான்: "கொல்லன் சுத்தியலை ஓங்குகிறான்." அடி எதிராளிமேல் பட்டதா என்பதை எதிராளிதான் சொல்லவேண்டும், அதையும் இவனே எழுதினால் பெருங்குற்றம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் இரட்டை அடைப்புக்குறிக்குள் தன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டுப் போகிறான். இதில் எது பங்கு?

இதற்குச் சொல் நம்மிடமே இருந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் இந்தத் தீவில் விடியவிடியக் கூத்து ஆடினார்கள். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அது 'பால் தமூல்'. கூத்தில் செய்வது வேடம் கட்டுதல். அந்த ஒரு சொல் பிற எல்லாவற்றையும் கூட்டிவருகிறது: வேடத்தில் பேசு, வேடத்துக்கு வெளியே பேசு, வேடம் கலை, வேடம் பொருந்தவில்லை. 'பங்கு கலைத்தேன்' என்று யார் சொல்வார்?

வேடம் வடசொல் என்பார்கள். உண்மைதான். தூய சொல் வேண்டுமென்றால் கோலம் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் காமன் பெண்மைக் கோலத்தில்தான் பேடு ஆடுகிறான். எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் இன்று கோலம் என்றதும் வாசல் மாவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. 'நடிப்பு விளையாட்டு' அதைவிட மோசம். பொய் சொல்லும் பிள்ளையைத்தான் "நடிக்காதே" என்கிறோம். வேடதாரி என்ற வசையும் உண்டே என்றால், உண்டு. 'கட்டு' சேர்ந்ததும் அந்தக் கறை ஒட்டுவதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் இரண்டு சொல்லைத் தேடி ஒட்டவைக்கிறார்கள். விளையாட்டையும் பார்ப்பதில்லை, கூத்தையும் பார்ப்பதில்லை. தப்பைப் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள்.

பையனோடு உட்கார்ந்து திருத்தினோம். அவன் எழுதியது: "நேற்று வேடமாட்டத்தில் சேர்ந்தேன். கொல்லன் வேடம் கட்டினேன். பாரிசில் இரவு 9 மணிக்குத் தொடங்கியது, இங்கே நள்ளிரவு. விடியும்வரை வேடம் கலைக்கவில்லை."